பனியில் சிக்கிய கப்பல்

“மொத்தம் எழுபது பேருங்க. ஒருத்தன்கூட ஊடு திரும்பல!” சித்ரா சொன்னதும் மணிமாறன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

செத்தவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. இருநூறு வருசத்துக்கு முந்தி வடதுருவத்துக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர்கள். பனியில் கப்பல் இறுகி, டப்பா சாப்பாடு கெட்டு, ஏதோ ஒன்று இருட்டில் வந்து ஒவ்வொருத்தனாய் இழுத்துப்போகிற சீரியல்.

சித்ராவுக்கு அதைச் சொன்னவன் அவள் தம்பி ரங்கன். “செமையா இருக்குதுக்கா! பாத்தா நாமளும் பனியில நடக்கோணும்போல இருக்குது.” ரசனையைப் பாருங்கள்!

இவள் கவலை வேறு. புருசன் மணிமாறன், போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். வண்டி வியாழக்கிழமை லடாக் கிளம்புகிறது. போன வருசம் அங்கே பனியில் மாட்டி ஒருத்தனுக்கு ரெண்டு கால்விரல் போயிற்று. போகாதீங்க என்று அழுதாள், சண்டை போட்டாள். ஆள் அசையவில்லை.

“சரி, இதையாச்சும் பாருங்க.”

பார்த்தான். நாலாவது பாகத்தில், சித்திரை வெக்கையில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

“நான் போகல புள்ள,” என்றான் மறுநாள். சும்மா நின்றுவிட முடியுமா? வண்டிக்குப் பூசை போட்டாயிற்று. அதற்குப் பிறகு நிற்கிறவன் பதில் ஆளைத் தானே கூட்டிவந்து ஏற்றிவிட வேண்டும். அது ரிக்காரர்கள் வழக்கம்.

வியாழன் மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான்.

“ஆபீசுல சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க. பொண்டாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான்னாங்க.”

“சிரிக்கட்டும். பயந்தா என்னங்க அசிங்கம்? வண்டி கெளம்பிருச்சா?”

“சங்ககிரி தாண்டியிருக்கும்.” அவள் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

“அப்பாடா!” குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். “பதில் ஆளு எவனா இருந்தா நமக்கென்ன? அவனப் பெத்தவ பாத்துக்குவா.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கே சீ என்று ஆகிவிட்டது. தன் புருசன் தப்பிக்க இன்னொருத்தி பிள்ளையா? இதற்குப் போய் அப்பாடா என்றோமே என்று கூசியது.

“பாவமுங்க. ஆரு அந்தப் பையன்?”

மணிமாறன் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டான். 

“வேற ஆளே சிக்கல புள்ள… நம்ம ரங்கன்தான்.”