மூன்றாவது ரோலர்

பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது.

அந்தோனிதாசன் விரலால் தடவிப் பார்த்தான். பெல்ட்டில் பிழையில்லை. அதை நெரித்துப் பிடிக்கிற கிளச்சின் தட்டுத்தான் சாய்ந்து நின்றிருக்கிறது.

டென்மார்க்கில் மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. இருந்தும் பனி ஸ்கூட்டரை வாங்கி, நோர்வே வரை இழுத்துக்கொண்டு போய், வசந்தத்தில் உடைத்துக்கொண்டு வருகிற வசதிக்காரர்கள் பிராண்டே நகரில் நாலைந்து பேர் இருந்தார்கள். இது அவர்களில் ஒருவருடையது.

சுவர் ரேடியோ இலங்கையில் போர் முடிந்துவிட்டதென்று மூன்று வசனத்தில் சொல்லிவிட்டு, நாளைய மழைக்குப் போனது. வேலைத்தலத்தில் ஒருவரும் நிமிரவில்லை.

அவன் பழைய வேலைச்சீட்டை எடுத்துப் பார்த்தான். கிளச்சைக் கடைசியாகத் திறந்தது ஜனவரி இருபத்தேழு. கையெழுத்து அவனுடையது.

திகதியை இன்னொருமுறை வாசித்தான்.

அன்றுதான் அக்கா மனோரஞ்சிதம் வன்னியிலிருந்து போன் எடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு, யாரோ ஒருவருடைய சற்றலைட் போனில். பின்னால் ஷெல் விழுகிற சத்தம்.

"வையுங்கோ அக்கா, நான் எடுக்கிறன்," என்றான்.

ஊரிலிருந்து யார் எடுத்தாலும் இங்கே இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துக்குச் செலவு வைக்கக்கூடாது. யோசிக்கவே தேவையில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும். அக்காவும் தம்பி சொல்லைக் கேட்டு வைத்துவிட்டாள்.

பிறகு அந்த இலக்கம் கிடைக்கவேயில்லை. அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

வாய் தவறியதைக்கூட அவன் ஒருவாறு பொறுத்துக்கொண்டான். நாலு மாதமாக அவனைத் தின்றது வேறு. கையிலிருந்த வேலையை முடித்து, மூடியைப் பூட்டி, கையைத் துடைத்துவிட்டு, அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் திருப்பி எடுத்தோம் என்ற நினைப்பு. சரியாக நினைவில்லை, ஆனாலும் அப்படித்தான் செய்திருப்பான். வேலையைப் பாதியில் விடுகிற ஆளில்லை அவன். அந்தப் பத்து நிமிடத் தாமதத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம்கூட மறைத்துவிட்டான். ஒற்றைக் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அது முன்னால் வந்து குந்திக்கொள்ளும்.

கிளச்சின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே சிறிய ரோலர்கள் மூன்று. மூன்றும் ஒரே அளவாக இருந்தால்தான் தட்டு நேராக நகரும். தேய்ந்தால் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஜனவரியில் அவன் மாற்றியதும் அவற்றைத்தான்.

முதலாவது புதிது. இரண்டாவதும் புதிது.

மூன்றாவது பழையது. ஒரு பக்கம் சப்பளிந்து, மண்ணிறம் ஏறிக் கிடந்தது.

அவன் அதை மாற்றவேயில்லை.

இரண்டை மாற்றியபோது போன் வந்திருக்கிறது. அக்கா வைத்த கையோடு, மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டு, திருப்பி எடுக்க வெளியே ஓடியிருக்கிறான். இலக்கம் கிடைக்காமல் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, எல்லாம் முடிந்ததென்று நினைத்து மூடியைப் பூட்டியிருக்கிறான்.

அந்தப் பத்து நிமிடம் இருக்கவேயில்லை. அக்காவை அவன் காக்க வைக்கவில்லை.

முதலாளி பிரெபன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் கறுத்தது. ஜனவரியில் இதைப் பூட்டிய மடையன் யாரென்று டேனிஷில் கேட்டார்.

நான்தான் என்றான் அந்தோனிதாசன். சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பிரெபன் ஒன்றும் விளங்காமல் புது ரோலர் எடுக்கப் போனார்.

பதினெட்டு வருட வேலையில் இது அவன் விட்ட முதல் பிழை. சின்ன வயதிலிருந்தே தம்பி ஒரு வேலையிலும் பிழை விடமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அக்கா.

அவன் பழைய ரோலரைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். போனை வெளியே எடுத்து, கிடைக்காதென்று தெரிந்தும், அந்த இலக்கத்தை அழுத்தினான்.