மூடியைத் திற, காலேப்!

“மூடியைத் திற காலேப், சீக்கிரம் லா!”

வாசு போனோடு நின்றார். செந்தூல் லோரி ஆபீசில் தினமும் மதியம் நடக்கும் கூத்துதான் இது. காலேப் சிரித்துக்கொண்டே தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். கீரை, அவித்த மீன், ஒரு பிடி சிவப்பரிசிச் சோறு. வாசு படம் பிடித்து, ‘என் லஞ்ச்’ என்று ஆஸ்பத்திரி டயட்டீஷியன் கேரனுக்கு அனுப்பினார். பிறகு, பொரித்த கோழியோடு வாங்கி வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“அண்ணே, நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு நீங்க.”

“அந்தப் பொண்ணு இங்க வந்தா எட்டிப் பார்க்கப் போகுது?”

அடுத்த மாதம் கேரன் முன்னால் எடை மெஷினில் ஏறினார். நூற்றுப் பதினெட்டு கிலோ. போன தடவையைவிட மூன்று கூடுதல்.

“ஏன்னே தெரியலம்மா. படமெல்லாம் பார்த்தீங்கதானே?”

“பார்த்தேன் அங்கிள். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்.” கேரன் குரலைத் தாழ்த்தினாள். “தினமும் காலையில சமைச்சு, அந்த டப்பாவை என் வீட்டுக்காரருக்குக் கட்டிக் கொடுக்கறது நான்தான்.”

வாசுவுக்கு மெஷினைவிட்டு இறங்கக் கால் வரவில்லை. நூற்றுப் பதினெட்டு கிலோவை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

“நாளையிலேருந்து காலேப்கிட்ட ரெண்டு டப்பா கொடுத்து விடறேன்,” என்றாள் கேரன். “போட்டோ வேணாம் அங்கிள். சாப்பிட்டா போதும்.”