பத்துக்குப் பத்து

"கொப்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடி, ஜொஹறா. பிறகு நான் வாயைப் பாத்துத்தான் சொன்னனான் எண்டு கதை வரும்."

ஆதம்பாவா பின்னல் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மனைவி ஜொஹறா கொப்பியால் வாயை மறைத்தாள். புள்ளி போடப் பேனையோடு மகள் நஃப்லா.

நாலு வருடமாகக் கேட்காத காது. நாலு மாதத்துக்கு முன் ஒப்பரேசன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதில் மாட்ட ஒரு மெசினும் கொடுத்தார்கள்; அது இல்லாவிட்டால் ஒரு சத்தமும் கேட்காது. கதைக்கிறவரின் வாயைப் பார்க்காமல் கேட்டுப் பழக வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. ஆதம்பாவாவுக்கோ, எல்லாக் குரலும் தகரப் பேணிக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை நஃப்லாவின் நிக்காஹ். மவ்லவி பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, வாப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி அதைத் திருப்பிச் சொல்லி மகளைக் கொடுக்க வேண்டும். இன்று ஜொஹறா வாயை மறைத்துச் சொல்லும் பத்தையும் திருப்பிச் சொல்லிப் பத்துக்குப் பத்து எடுக்காவிட்டால் அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி றிப்னாஸ். ஜொஹறாவின் தீர்ப்பு அது.

"என்ர பிள்ளையை நான்தான் கொடுப்பன். றிப்னாஸ் வந்து புரியாணி சாப்பிட்டால் போதும்."

"முதல்ல பாஸாகுங்கோ."

கொப்பி உயர்ந்தது. ஆதம்பாவாவின் கண் மெல்லப் பக்கத்துக்குப் போனது. அலுமாரிக் கண்ணாடியில் ஜொஹறாவின் வாய் பக்கவாட்டில் பளிச்சென்று தெரிந்தது. கதிரையை அந்த இடத்தில் போட்டது சும்மாவா?

"நெத்தலிக் கருவாடு" என்றார்.

நஃப்லா ஒரு சரி போட்டாள்.

"முள்ளியவளை பஸ்."

இன்னொரு சரி.

"மூண்டு கொத்து அரிசி. அதுவும் சம்பா."

"சரி, வாப்பா!"

ஒன்பது வரை ஒன்றும் பிழைக்கவில்லை. நஃப்லா பேனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்தாவதைச் சொல்ல ஜொஹறா கொஞ்சம் யோசித்தாள்.

"இந்த மனுசன் சரியான... ஏய், இது என்ன வசனம்?" என்றார் ஆதம்பாவா.

"முழுக்கச் சொல்லுங்கோ" என்றாள் ஜொஹறா, கொப்பியை இறக்காமலே.

"இந்த மனுசன் சரியான கள்ளன்" என்று முணுமுணுத்தார்.

"பத்துக்குப் பத்து!" நஃப்லா துள்ளி எழும்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆதம்பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "பாத்தியோ? றிப்னாஸிட்டச் சொல்லிவிடு. மெசினில இப்ப எல்லாம் பாங்கு சொல்லுற மாதிரித் தெளிவாக் கேக்குது" என்றார்.

ஜொஹறா கொப்பியை இறக்கினாள்.

"ஓம், கண் நல்லாப் பாஸ். வெள்ளிக்கு இன்னும் மூண்டு நாள் இருக்குத்தானே, இனிக் காதைப் பாப்பம்" என்றபடி, அவ்வளவு நேரமும் கொப்பிக்குப் பின்னால் பொத்தி வைத்திருந்த கையை விரித்தாள். விடியக் குசினியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு ஆதம்பாவா எடுக்காமலே விட்ட மெசின் அதில் இருந்தது.