ஒன்பது சொல் மொழி

அணில் ஒன்று ஒன்பதே சொற்களில் புதிய கணினி மொழி செய்தது. அதைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலரையும் தானே எழுதியது.

“உலகத்துல மொழிக்கா பஞ்சம்? இன்னைக்கும் உன் மொழி ஓடலைன்னா கணினி எனக்குடா. சூடா இருக்கு, மேலே படுத்துக்குவேன்” என்றது ஓணான். அணில் சரி என்றது.

நாலையும் மூன்றையும் கூட்டும் நிரலை எழுதி ஓட்டியது. திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன: “இரண்டாம் வரியில் கூட்டச் சொல்கிறாய். நாலோடு எதை?”

“பிழை! நகரு” என்று ஓணான் கணினிமேல் ஏறிப் படுத்தது.

அணில் இரண்டாம் வரியைப் பார்த்தது. மூன்றைப் போட மறந்திருந்தது.

“புரிஞ்சதாலதானேடா கேட்குது!” என்று வாலைத் தூக்கிக் குதித்தது. மூன்றைச் சேர்த்து மறுபடி ஓட்டியது.

திரையில் ‘ஏழு’ வந்தது.

“அண்ணே, ஒரு ஓரமா மட்டும் படுத்துக்கட்டுமா?” என்றது ஓணான்.