தலைகீழ் முத்திரை

ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் வழிநெடுக முத்திரை வாங்கும் ஏட்டில் அந்தப் பழங்காலக் கற்கோயிலின் முத்திரையைக் குத்துவது ஃபெர்மினின் வேலையாக இருந்தது. மனைவி காசில்தா எவ்வளவு திட்டினாலும் தலைகீழாகத்தான் குத்துவான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் தானும் ஒருதடவை நடந்துவிட்டு வருவதாகக் கிளம்பியவன் திரும்பவே இல்லை. வழியில் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்லி, காசில்தா விதவைக் கறுப்பு உடுத்திக்கொண்டாள். அன்று முதல் கோயில் சாவியும், இருக்கும் ஒரே முத்திரைக் கட்டையும் அவள் அங்கிப் பையில்தான்.

இன்று மத்தியானம் கோயிலைத் திறக்கப் போனபோது, படியில் ஒரு யாத்திரிகன் உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டைக் குடு தம்பி, குத்தித் தர்றேன்."

"இங்க இருந்த பெரியவர் குத்திட்டாரும்மா."

"எந்தப் பெரியவரு? கட்டை எங்கிட்டத்தானே இருக்கு! வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

அவன் ஏட்டை விரித்தான். இன்றைய தேதி. முத்திரை தலைகீழாக இருந்தது.

"அவரு... ஏதாச்சும் கேட்டாரா?"

"சாவி வச்சிருக்கிற அம்மா உயிரோட இருக்காங்களான்னு கேட்டாரு. இருக்காங்கன்னு கடையில சொன்னாங்கன்னேன். அப்ப இன்னொரு நாள் வர்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

காசில்தா பைக்குள் கைவிட்டாள். கட்டை அங்கேதான் இருந்தது. வெளியே வந்த விரல்களில் மை ஈரமாக ஒட்டியிருந்தது.

விரல்களைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். கறுப்புத் துணியில் கறை தெரியவில்லை.