கிராணியம்மா வீட்டு லைட்டு

"மறுபடியும் எரியலையாம், மணியம். கையோட வரச் சொன்னாங்க கிராணியம்மா."

பால்கார சின்னையா சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணியத்துக்குச் சுர்ரென்று ஏறியது. தோட்டத்து எஞ்சின் கொட்டகையில் வயர்மேனாக இருந்தவன் அவன். ஜப்பான்காரன் வந்து எஞ்சின் நின்றுபோன பிறகு, சுங்கைப் பட்டாணி டவுன் வீடுகளில் லைட்டு மாட்டியும் பழுது பார்த்தும்தான் பிழைப்பு. எத்தனையோ வீட்டில் மாட்டியிருக்கிறான், ஒரு வீட்டிலும் இந்தத் தொல்லை கிடையாது. கவர்மெண்டு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அருளம்பலம் வீட்டில் மட்டும் இது மூன்றாவது தடவை.

"நான் போகப் போறதில்ல. போதும் லா!"

"போயிட்டு வாய்யா," என்றாள் அவன் மனைவி மருதம்மா. "லயத்துல உட்கார்ந்திருந்தா மட்டும் நிம்மதியா? எப்ப லோரி வருமோன்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கோம்."

லோரி என்றால், சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் ரோட்டுக்கு ஆள் பிடிக்கிற லோரி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் நிற்கும். அகப்பட்ட ஆம்பிளையை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களில் ஒருத்தர்கூட இதுவரை திரும்பவில்லை. வந்த இரண்டு தடவையும் மணியம் வேலைக்கு வெளியே போயிருந்ததால் தப்பினான். எல்லாம் முனியாண்டி சாமி செயல் என்று மருதம்மா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

மணியம் முனகிக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.

கிராணியின் சம்சாரம் இராசம்மா வாசலிலேயே நின்றாள். யாழ்ப்பாணத்து அம்மா. சிரித்து ஒருநாள் பார்த்ததில்லை.

"ஏன் இவ்வளவு சுணக்கம்? கெதியா வந்து பார்."

மணியம் சுவிட்சைக் கழற்றினான். போன தடவை கழன்ற அதே வயர். அதே திருகாணி. எலி கடித்த மாதிரியும் இல்லை, துருப்பிடித்த மாதிரியும் இல்லை. என்ன எழவு இது!

வழக்கம்போல அந்தம்மா பக்கத்திலேயே நின்றாள். முதல் நாளிலிருந்தே இப்படித்தான். 'மெயினை ஏன் நிப்பாட்டுறாய்? உந்த ஆணியை எந்தப் பக்கம் திருப்பிறது?' என்று தோண்டித் தோண்டிக் கேட்பாள். ஏமாற்றிவிடுவான் என்று சந்தேகம்போல.

"எரியுதும்மா. நான் வரேன்."

"உடனை போகேலாது. கிணத்தடியில விறகு கிடக்கு. கொத்திப்போட்டுப் போ."

இதுவும் வழக்கம்தான். ஒரு நிமிஷ வேலைக்குக் கூப்பிட்டு, பொழுது சாய்கிற வரைக்கும் கசக்கிப் பிழிந்துவிட்டுத்தான் விடுவாள். அன்றைக்கு மணியத்துக்குப் பொறுக்கவில்லை.

"நான் லைட்டு வேலைக்கு வந்தவன்மா, விறகு வெட்ட வரல. இனிமே வேற ஆளப் பாத்துக்குங்க."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

இராசம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"நில்! மேசையில இருந்த வெள்ளிக் கரண்டியைக் காணேல்லை."

"ஐயோ, அம்மா!" மணியம் பையைத் தரையில் கொட்டினான். குறடு, வயர்த் துண்டு, பீடிக்கட்டு. "பாருங்க! நல்லாப் பாருங்க!"

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அவர் வந்து விசாரிக்கட்டும். அதுவரைக்கும் சாமான் அறைக்குள்ள இரு. வெளிக்கிட்டாய் எண்டால், ஜப்பான்காரனுக்குச் சொல்லிப்போடுவன்!"

ஜப்பான்காரனிடம் திருடன் என்று போனால் தலை மிஞ்சாது. மணியம் உள்ளே போனான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டில், மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினான். பிறத்தியார் பொருள் ஒரு துரும்பைத் தொட்டவனில்லை. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. நீ நல்லா இருப்பியா, நாசமாப் போக என்று வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தான்.

வெகுநேரம் கழித்து வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. அருளம்பலம் கிராணியின் குரல்.

"எங்கை அவன்?"

"போகப் போறன் எண்டு வெளிக்கிட்டான். எனக்கு வேற வழி தெரியேல்லை. கள்ளன் எண்டு சொல்லிப் பூட்டிப்போட்டன்," என்றாள் இராசம்மா. "லோரி போயிட்டுதோ?"

"இப்பதான் போகுது. நேற்று ஆபீஸில கேள்விப்பட்டது சரிதான். இவன்ர லயத்திலதான் பிடிச்சவங்கள். ஒரு ஆம்பிளையையும் விடேல்லை."

மணியம் இருட்டில் எழுந்து நின்றான். முதல் தடவை லோரி வந்த அன்றைக்கு எங்கே இருந்தான்? இந்தக் கிணற்றடியில். இரண்டாம் தடவை? இதே கிணற்றடியில், கோடாலியும் கையுமாக இவளைத் திட்டிக்கொண்டு.

கதவு திறந்தது. இராசம்மா கையில் அவித்த கிழங்குத் தட்டு. அதன் மேல் வெள்ளிக் கரண்டி.

"சாப்பிட்டுட்டுப் போ, மணியம். நான் சொன்னதை மனசில வச்சிருக்காதை."

மணியம் கையெடுத்துக் கும்பிட்டான். லயத்து முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... அத்தனை பேரும் ஓடி ஒளிஞ்சிருப்பாங்களேம்மா?"

"அத்தனை பேரும் ஓடினால், ஆர் சொன்னது எண்டு தேடுவாங்கள்," என்றார் கிராணி, தலையைக் குனிந்தபடி. "தேடி இஞ்சைதான் வருவாங்கள்."

இராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"கத்தியால அந்த சுவிட்சு ஆணியைக் கழட்டேக்கை எல்லாம் நானும் இதைத்தான் நினைச்சு அழுவன், மணியம். என்ன செய்ய? லைட்டு எரியேல்லை எண்டால், ஒராளைத்தானே கூப்பிட ஏலும்."