ஐந்தாவது பள்ளி

"ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்துக்கறேன் மாமா," என்றாள் அந்தப் பெண்.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கூட்ட அறை அது. ஜன்னலே கிடையாது. கடக் கடக்கென்று உயிரை வாங்கும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டார் மாமா. வந்த இடத்தில் சொகுசு வேறு கேட்கிறது என்று பிரெயில் டீச்சர் முகத்தைச் சுளித்தார்.

மாமா கண்ணாடிக்காரர். அவர் விற்பது சாதாரணக் கண்ணாடி இல்லை. அதன் ஓரத்தில் ஒரு குட்டி கேமரா. எதிரே பிடித்த பக்கத்தைப் படித்து, மாட்டியிருப்பவரின் காதில் மட்டும் சொல்லுமாம். அந்தப் பெண் அவருடைய அக்கா மகள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள், அவர் வீட்டுச் சோற்றில் வளர்பவள். அவளைத்தான் பள்ளி பள்ளியாகக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்.

"நாலு ஸ்கூல்ல வாங்கிட்டாங்க. நீங்க அஞ்சாவது," என்றார் தாளாளரிடம். "இது வந்துட்டா அந்தப் புள்ளி வைக்கிற மெஷின் எதுக்கு சார்? இடத்தை அடைச்சுக்கிட்டு!"

புள்ளி வைக்கிற மெஷின் என்றால் பிரெயில் அச்சு இயந்திரம். அதைக் கழித்துக்கட்டும் கடிதம் தாளாளர் முன்னால் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இருபத்து மூன்று பிள்ளைகளின் பாடப் புத்தகம் பாதி அச்சில் நிற்கிறது.

"சார், காதால கேட்டா மட்டும் கணக்கு எப்படிப் போடும் பிள்ளைங்க? விரல்ல தொட்டுப் படிச்சாத்தானே எழுத்தே பிடிபடும்?" டீச்சர் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறணும் டீச்சர்," என்றார் தாளாளர்.

"லைட்டெல்லாம் போடுங்க. கேமராவுக்கு நல்லா வெளிச்சம் வேணும்." கண்ணாடிக்காரர் அவளுக்குக் கண்ணாடியை மாட்டினார். இரண்டு விரலால் முகவாயைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தார். சந்தையில் மாட்டின் பல்லைக் காட்டுகிறவன்கூட இதைவிட மரியாதையாகத் தொடுவான்.

"யாரால படிக்கிறே? சொல்லும்மா."

"எல்லாம் மாமாவாலதான்," என்று அவள் சிரித்தாள். சரியான கூட்டுக்களவாணி என்று டீச்சர் மனசுக்குள் திட்டினார்.

கண்ணாடிக்காரர் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம். அவள் ஒரு திக்கல் திணறல் இல்லாமல் படித்தாள். தாளாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிர்வாகக் குழுவில் இருவர் உச்சுக் கொட்டினார்கள், ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். அடுத்தவர் குறையைப் பார்த்து அழுவதில் சிலருக்கு அப்படியொரு சுகம். கண்றாவி.

தாளாளர் பேனாவைத் திறந்தார்.

பட்டென்று கரண்ட் போனது. அறை கும்மிருட்டு. மின்விசிறி நாலு சுற்று முனகிவிட்டு நின்றது.

"மேகம் குளிர்ந்து நீர்த்துளியாக மாறுகிறது..." அவள் நிறுத்தவில்லை.

"போதும்மா," என்றார் கண்ணாடிக்காரர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவள் இன்னும் சத்தமாகப் படித்தாள். அந்தப் பத்தியை முடித்து அடுத்த பத்திக்கும் போனாள்.

"அடடா! நமக்கு ஒண்ணும் தெரியல, இந்தப் பொண்ணு இருட்டுலயும் படிக்குது பாருங்க!" தாளாளர் உருகினார். எல்லோரும் கை தட்டினார்கள். படித்த மனிதர்கள்! டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கொஞ்சம் கை தட்டறதை நிறுத்துங்க," என்றார் டீச்சர். "பொண்ணுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒண்ணுதான். கேமராவுக்கு?"

கைதட்டல் ஓய்ந்தது. "அது வந்து... பேட்டரி..." என்று கண்ணாடிக்காரர் இழுத்தார்.

கரண்ட் வந்தபோது தாளாளரின் முகம் சிவந்திருந்தது. "மனப்பாடம் பண்ண வச்சு ஏமாத்தறியா? வெளிய போய்யா!" என்று கத்தியபடி கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

கண்ணாடிக்காரர் அவள் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினார். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வண்டி பிடிக்க ஓடினார். அக்கா மகள் நாற்காலியிலேயே கிடந்தாள்.

டீச்சர் அவள் அருகில் போனார். ஆத்திரம் அடங்கவில்லை.

"உன்னை மாதிரி இருபத்து மூணு பிள்ளைங்க படிப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே, வெக்கமா இல்லை? புத்தகத்தையே ஒப்பிக்கத் தெரிஞ்ச உனக்கு, கரண்ட் போனது தெரியல. மாட்டிக்கிட்டே."

அவள் தலையை நிமிர்த்தினாள். மேலே மின்விசிறி மறுபடியும் கடக் கடக்கென்றது.

"ஃபேன் நின்னதுமே தெரிஞ்சுபோச்சு டீச்சர்," என்றாள் மெல்ல. "இதுக்காகத்தான் நாலு ஸ்கூலா காத்துக்கிட்டிருந்தேன்."